ஈஸ்டர்ன் 855: மூன்று என்ஜின்களிலும் ஒரே பிழை நேர்ந்தது எப்படி?

பயிற்சி மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். நான் விமானப் பராமரிப்புப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகர் நசாவுக்கு 172 பேருடன் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று என்ஜின் கொண்ட டிரைஸ்டார் விமானத்தைப் பற்றி வகுப்பில் படித்தோம். மூன்று என்ஜின்களிலும் சிப் டிடெக்டர்கள், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இல்லாமல் பொருத்தப்பட்டிருந்ததால் எண்ணெய் கசிந்து போனது. ஓர் என்ஜினில் ஒருவர் மறந்துவிட்டார் என்றால் புரிகிறது. ஒரே இரவில், இரண்டு மெக்கானிக்குகள், மூன்று என்ஜின்களிலும் எப்படி மறந்திருக்க முடியும்?

பழைய ஹேங்கர்க்காரர்:
தம்பி, அவர்கள் மறக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிப் டிடெக்டர் என்பது எண்ணெயில் மிதந்து வரும் உலோகத் துகள்களைப் பிடிக்கும் காந்தம். அதைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்கிறதா என்று தெரியும். அங்கே மெக்கானிக்குகள் வழக்கமாக ஃபோர்மேனின் அலமாரியிலிருந்து அதை எடுப்பார்கள். அதில் ஓ-ரிங் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். அன்றிரவு அலமாரியில் இருப்பு இல்லாததால் ஸ்டோரிலிருந்து வாங்கிவந்தார்கள். அவற்றில் ஓ-ரிங் இல்லை. புதிய ஓ-ரிங் போட வேண்டும் என்று வேலைப் படிகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதியிருந்தும், அது எப்போதும் வேறு யாரோ முடித்துவைத்த வேலையாகவே இருந்ததால், அந்த வரியைக் கையால் செய்து பழகாமலேயே கையெழுத்திட்டுப் பழகிவிட்டார்கள். மூன்று டிடெக்டர்களும் அதே ஸ்டோரிலிருந்து வந்தவை என்பதால் பிழையும் மூன்றுக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தது.

கசிவுச் சோதனையும் நடந்தது. ஆனால் ஸ்டார்ட்டரால் சுமார் 10 விநாடிகள் மட்டுமே என்ஜினைச் சுழற்றினார்கள். கசிவு வெளியே தெரிய அந்த நேரம் போதவில்லை. வானில் முதலில் நடு என்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைய, விமானி அதை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பினார். வழியில் மற்ற இரண்டும் நின்றுபோயின. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானம் சுமார் 4,000 அடியில் இருந்தபோது நடு என்ஜின் மீண்டும் இயங்கியது. அந்த ஒன்றின் துணையில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. இதற்கு முன்பே அதே நிறுவனத்தில் இந்த உறுப்பைப் பொருத்துவதில் 12 நிகழ்வுகள் நடந்திருந்தன. அவற்றைத் தனி ஆட்களின் கவனக்குறைவாகவே நிர்வாகம் பார்த்தது. விசாரணை வாரியம் மெக்கானிக்குகளோடு மேற்பார்வையாளர்களையும் நிர்வாகத்தையும் காரணமாகக் குறிப்பிட்டது அதனால்தான்.

இரவுப்பணி:
பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் இதன் மறுவடிவம் நடந்தது. 1995 பிப்ரவரி 23 அன்று பிரிட்டிஷ் மிட்லண்டின் போயிங் 737-400 ஒன்று, இரண்டு என்ஜின்களிலும் எண்ணெய் இழந்து லூட்டனில் இறங்கியது. முந்தைய இரவு போர்ஸ்கோப் (என்ஜினுக்குள் நுழைத்துப் பார்க்கும் கருவி) ஆய்வுக்காகக் கழற்றிய மூடிகளைத் திரும்பப் பொருத்தவில்லை. வேலையைத் தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். இடையில் வாய்மொழியாகத்தான் ஒப்படைத்தார்கள். ஆய்வுக்குப் பின் என்ஜினை ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓட்டிப் பார்த்திருந்தால் தரையிலேயே கசிவு தெரிந்திருக்கும். அந்தச் சோதனை நடக்கவில்லை.

பயிற்சி மாணவன்:
நன்றி, ஐயா. அப்படியானால் கூடுதலாக ஒரு கையெழுத்து வாங்குவது உதவுமா?

பழைய ஹேங்கர்க்காரர்:
உறுப்பைக் கண்ணால் பார்க்காமல் இடும் இரண்டாவது கையெழுத்தால் பயனில்லை. நீண்ட கடல்வழிகளில் பறக்கும் இரட்டை என்ஜின் விமானங்களில், ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு என்ஜின்களிலும் செய்யக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் அது முடியாதபோது தனி ஆய்வும் சோதனை ஓட்டமும் தேவை. நான் பணியில் இருந்தவரை, கழற்றிய பழைய ஓ-ரிங்கைத் தட்டில் வைத்து, புதியதை அதன் பக்கத்தில் வைத்த பிறகுதான் உறுப்பைக் கையில் எடுப்பேன். தட்டில் பழையது இருந்து புதியது இல்லையென்றால் வேலை அங்கேயே நிற்கும்.