நெஞ்சுவலிக்கு அட்வான்ஸ்: மருத்துவ உரிமைச் சட்டம் வேணுமா, வேண்டாமா?

கரிசல்காரன்:
போன மாசம் ராத்திரி பதினொன்றரைக்கு மச்சானுக்கு நெஞ்சுவலி. பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தாங்க. "அட்டாக்தான்"னாங்க. அடுத்த வார்த்தை, "50,000 கட்டிட்டு வாங்க". முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டாங்க. இல்ல. மில்லுல மாசம் 12,000 சம்பளம், வருஷத்துக்கு 1,44,000. அட்டைக்கு வரம்பு 1,20,000. வருமானச் சான்றிதழ் கட்டத்துல மாசத்துக்கு ரெண்டாயிரம் ரூபா கூடுதலா சம்பாதிக்கிறான், அதுதான் அவன் செஞ்ச குத்தம்.

இதே ஆளு லாரியில அடிபட்டு வந்திருந்தா, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேரம் காசே கேட்டிருக்க மாட்டாங்க. எந்த ஊர்க்காரன், என்ன வருமானம்னும் பார்க்க மாட்டாங்க. எலும்புக்கு ஒரு நியாயம், இதயத்துக்கு ஒரு நியாயமா? 2023ல ராஜஸ்தான் போட்ட மாதிரி இங்கயும் மருத்துவ உரிமைச் சட்டம் வேணும். அவசரம்னு வந்தா முதல்ல வைத்தியம், பணப்பேச்சு பிறகு.

இருபது படுக்கை:
மச்சான் இப்ப எப்படி இருக்கார்?

கரிசல்காரன்:
நல்லா இருக்கார், டாக்டர். 108 வந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு அஞ்சு நாள் வெச்சிருந்தாங்க. எங்களுக்கு டீ, இட்லிச் செலவுதான்.

இருபது படுக்கை:
சந்தோஷம். அவரைக் காப்பாத்தினது ஜிஎச். எந்த உரிமைச் சட்டமும் இல்லாமலே காப்பாத்திடுச்சு. அதுக்கு இன்னும் நாலு கேத் லேப், அதான் இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற அறை, கேளுங்க, நானும் கூட நின்னு கோஷம் போடுறேன்.

நான் தாலுகா ஊர்ல சின்ன ஆஸ்பத்திரி நடத்துறவன். "முதல்ல வைத்தியம்"னு 1989லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, அடிபட்டு வர்றவரை அரசு டாக்டரும் பார்க்கணும், தனியாரும் பார்க்கணும்னு. காசு யார் தருவாங்கன்னு அதுல சொல்லல. ராஜஸ்தான் சட்டம் "அரசு திருப்பித் தரும்"னு சொல்லுது. ஒரு காப்பீட்டுத் திட்டத்துல நான் ஆபரேஷன் பண்ணின கேஸுக்குப் பதினோரு மாசமாப் பணம் வரல. நர்ஸுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் குடுத்தாகணும்.

ராஜஸ்தான்ல நடந்ததையும் முழுசாச் சொல்லுங்க. மார்ச் 21 சட்டமன்றத்துல நிறைவேறினதும் தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தம். ஏப்ரல் 4ல சமரசம்: 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்கு விலக்கு. அந்த வருஷக் கடைசியில ஆட்சியும் மாறுச்சு, அப்பவும் விதிகள் வரல. உங்க உரிமை தாளோட நிக்குது.

கரிசல்காரன்:
விலக்கு வாங்கினது யாரு? உங்க சங்கத்துக்காரங்கதானே! தாலுகா ஊர்ல 50 படுக்கை எங்க இருக்கு? கொள்ளையடிச்சிட்டு "கதவு சரியில்ல"ன்னு சொன்ன கதையால்ல இருக்கு.

இன்னொரு வழக்கும் இருக்கு. 1992ல மேற்கு வங்கத்துல ஒரு விவசாயத் தொழிலாளி ரயில்ல இருந்து விழுந்து தலையில அடி. அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா ஏறி இறங்கினாங்க. இங்க வசதி இல்ல, அங்க படுக்கை இல்ல. கடைசியில தனியார்ல 17,000 செலவு பண்ணினார். 1996ல உச்ச நீதிமன்றம் 25,000 இழப்பீடு குடுக்கச் சொல்லிச்சு. அரசியலமைப்புல உயிர்வாழும் உரிமைங்கிற 21வது பிரிவுக்குள்ள இதுவும் அடக்கம், நிதி இல்லைன்னு அரசு தப்பிக்க முடியாதுன்னு தீர்ப்பு. அரசாணையில வர்ற திட்டத்தை அடுத்த அரசாணை தூக்கிடும். உரிமைன்னா கோர்ட்டுக்காவது போகலாம்.

நைட்டுடூட்டி:
நாலு வருஷம் கழிச்சு 25,000! நல்லாருக்கு உங்க உரிமை.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். 2023ல இதயம் காப்போம் திட்டம் வந்ததுல இருந்து, நெஞ்சுவலின்னு வந்து ஈசிஜி மாறியிருந்தா ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மூணையும் சேர்த்துக் குடுத்துத்தான் வண்டி ஏத்துறோம். அந்த மாத்திரை என் அலமாரியில இருக்கறதுக்குக் காரணம் தமிழ்நாடு அரசோட மருந்துக் கழகம். 1995ல இருந்து மொத்தமா வாங்கி, லேப்ல சோதிச்சு, மாவட்டக் குடோன்ல வெச்சு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டுக் குடுக்கறாங்க. பேங்க் கணக்கு மாதிரி, வரம்புக்குள்ள நமக்கு வேண்டியதை எடுத்துக்கலாம். அந்தக் குடோனுக்கு நிதி கேளுங்க. ராத்திரியில பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி மூணுக்கும் நான் ஒருத்தி. சட்டம் வந்தா முதல்ல திட்டு வாங்கப் போறதும் நான்தான்.

வடமராட்சி:
இஞ்ச இலங்கையில எங்கட அப்பம்மா காலத்தில இருந்தே அரசாங்க ஆஸ்பத்திரியில காசு வாங்கிறேல்ல. ஆனா 1978 அரசியலமைப்பில சுகாதாரம் அடிப்படை உரிமையா இல்லை. சனம் அதை உரிமை எண்டுதான் நினைச்சிருந்தது. 2022 இல டொலர் முடிஞ்சுது. வெளியில பாமசியில வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தவை. அப்பாவின்ர இன்சுலினுக்கு நான் நாலு கடை ஏறி இறங்கினனான். உரிமை எண்டு எழுதியிருந்தா மருந்து வந்திருக்குமோ எண்டு எனக்கும் கேள்விதான். ஆனா எதை முதல்ல வெட்டிறது எண்டு கேக்க ஒரு பிடி இருந்திருக்கும்.

இருபது படுக்கை:
அந்தப் பிடியை அரசாங்கத்தோட கழுத்துல வையுங்க, என் கழுத்துல வைக்காதீங்க. வடமராட்சி சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல.

கரிசல்காரன்:
சரி. அரசு மாவட்டத்துல ஒரு நிதி போட்டு, அவசர கேஸுக்கு உங்க கணக்குல முன்பணமே வெச்சிடுதுன்னு வைங்க. அப்ப கையெழுத்துப் போடுவீங்களா?

இருபது படுக்கை:
முன்பணம்னா யோசிக்கிறேன். அதுலயும் சிக்கல் இருக்கு. நெஞ்சுவலின்னு வர்றதுல பாதி வாயு. அதைக் கண்டுபிடிக்க ஈசிஜி, ட்ரோபோனின்ங்கிற ரத்தச் சோதனை எடுக்கணும். கடைசியில வாயுன்னு தெரிஞ்சா அந்தச் செலவு யார் கணக்கு?

நைட்டுடூட்டி:
ஈசிஜிக்கு என்ன வாங்குறீங்க, டாக்டர்?

இருபது படுக்கை:
முந்நூறு. இல்லாதவங்ககிட்ட வாங்குறதில்ல. அது என் இஷ்டமா இருக்கிற வரைக்கும் செய்வேன்.

கரிசல்காரன்:
இஷ்டமில்லாத ராத்திரியில நாங்க வந்தா?

இருபது படுக்கை:
108க்கு நானே போன் போட்டு அனுப்பி வெப்பேன்.

கரிசல்காரன்:
அந்த ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் செஞ்சாங்க, டாக்டர். வண்டி வர நாப்பது நிமிஷம். வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சிருந்தோம்.