மெட்கர் எவர்ஸ் கொலையைப் பாடிய டிலன்: பழி யார்மீது?

கேள்வி:
1963 ஜூன் 12 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதைப் பற்றி அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் எழுதிய பாட்டு, கொலையாளியைப் பிறர் ஆடும் சதுரங்கத்தின் வெறும் காய் என்கிறது. வர்க்கத்தைப் பேசப்போய் இனவெறியின் குற்றத்தை இது குறைத்துவிடவில்லையா?

மறுமொழி 1:
இல்லை என்றே நினைக்கிறேன். பாட்டு சொல்வது இதுதான்: தோலின் நிறத்தைக் காட்டி ஏழை வெள்ளையனை உசுப்பிவிடும் தென்மாநில அரசியல்வாதி, அதனால் பதவியும் புகழும் பெறுகிறான்; ஏழையோ இருந்த இடத்திலேயே கிடக்கிறான். பாட்டில் எவர்ஸின் பெயர் உண்டு, கொன்றவனின் பெயர் இல்லை. அந்த மௌனமே கடுமையான தண்டனை. ஜூலையில் மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊரில், வாக்குரிமைக்காகத் திரண்டிருந்த கறுப்பின உழவர்களின் முன்னிலையிலேயே டிலன் அந்தப் பாட்டைப் பாடினார்.

மறுமொழி 2:
எனக்கு உடன்பாடில்லை. சுட்ட பைரன் டி லா பெக்வித் வெறும் காய் அல்லர்; உரம் விற்றுவந்தவர். வணிகர்களும் செல்வாக்குள்ளோரும் நிறைந்த, இன ஒதுக்கலைக் காக்க முனைந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தின் உறுப்பினர். 1964இல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுக்கள் இருமுறையும் முடிவெடுக்காமல் கலைந்தன. தண்டனை கிடைக்க 1994 ஆயிற்று. எவர்ஸ் கொலையும், அதே ஆண்டு கறுப்பினச் சிறுமியர் நால்வரைக் கொன்ற பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பும் மூட்டிய சினத்தில் கறுப்பினப் பாடகி நீனா சிமோன் எழுதிய பாட்டு எவருக்கும் சலுகை காட்டவில்லை.