ப்ளூஸ் கேட்க எங்கன ஆரம்பிக்கணும்? எல்லாம் ஒரே பாட்டு மாதிரி கேட்குது

பேராச்சி படித்துறை
எல்லாருக்கும் வணக்கம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகின காது எனக்கு. ஆதி தாளம் போடுவேன், சில ராகம் அடையாளம் தெரியும், வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசையான ப்ளூஸ் பழகணும்னு, அதுல பழைய பாடகர் ராபர்ட் ஜான்சனோட முழுத் தொகுப்பை எடுத்தேன். ஒரே இரைச்சல். ஒரே பாட்டு அடுத்தடுத்து ரெண்டு தடவை வருது. வார்த்தையும் பிடிபடல. எதுல ஆரம்பிக்கணும், எதைக் கவனிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. போன்லதான் கேட்கிறேன்.

பாளை பழையவர்
ஆரம்பிச்ச இடம் அப்படி, தம்பி. ஜான்சன் பதிவு செஞ்சது மொத்தமே 29 பாட்டு. 1936 நவம்பர்ல சான் அன்டோனியோவுலயும், 1937 ஜூன்ல டல்லாஸ்லயும். 1990ல வந்த முழுத் தொகுப்புல மறுபடி பாடினதையும் சேர்த்து 41 பதிவு இருக்கு, அதுவும் பக்கத்துப் பக்கத்துல. ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு அது பெரிய வரம். புதுசா வர்றவருக்கு அலுப்புத்தான் தட்டும்.

ப்ளூஸ் வரலாற்றோட நடுவுல இருந்து ஆரம்பிங்க. பி.பி. கிங் 1964 நவம்பர் 21 அன்னைக்கு சிகாகோவுல நடத்தின கச்சேரி 'லைவ் அட் த ரீகல்'. பதிவு சுத்தம், கூட்டம் எங்க கத்துதுன்னு கேட்டாலே எந்த இடம் முக்கியம்னு புரியும். அவர் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், பாடி நிறுத்தின பெறவுதான் கிட்டார் வரும். அதனால எது குரல், எது பதில்னு காதுக்குத் தெளிவா பிரியும்.

இனி தாளம். ஆதி தாளம் தெரியும்னீங்கல்லா, அது போதும். பெரும்பாலான ப்ளூஸ் பாட்டுல ஒரு சுற்று 12 பார் (பார்ங்கிறது அடிகளைச் சேர்த்து எண்ணுற ஒரு பகுதி). பாருக்கு 4 அடி, ஆக 48. அதாவது ஆவர்த்தனத்துக்கு 8 அடி வர்ற ஆதி தாளத்துல சரியா 6 ஆவர்த்தனம். முதல் ரெண்டு ஆவர்த்தனமும் கார்டு (ஒண்ணா ஒலிக்கிற சில ஸ்வரம்) ஸட்ஜத்துல நிக்கும். மூணாவதுல மத்யமத்துக்குப் போகும். நாலாவதுல வீடு திரும்பும். அஞ்சாவதுல முதல் நாலு அடி பஞ்சமம், அடுத்த நாலு மத்யமம். ஆறாவது மறுபடி ஸட்ஜம், அதோட கடைசியில பஞ்சமத்தைத் தொட்டு அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடும். பாட்டு வரியும் இதுமேலதான் உக்காந்திருக்கு. முதல் வரி ஒண்ணாம் ஆவர்த்தனத்துல, அதே வரி மறுபடி மூணுல, அதை முடிச்சு வைக்கிற வரி அஞ்சுல. 2, 4, 6 பெரும்பாலும் வாத்தியத்தோட பதிலுக்கு. வில்லுப்பாட்டுல புலவர் அடி எடுத்துக்கொடுத்து நிறுத்தினதும் பின்பாட்டு வாங்கிக்கிடுமே, அந்த இடைவெளிதான் இது. வார்த்தை பிடிபடலன்னு கவலைப்படாதீங்க. முதல் வரி ரெண்டு தடவை வருது, ரெண்டாவது தடவை காதுல விழும்.

ரெண்டு இடத்துல தாளம் தப்பும். சில பாட்டுல ரெண்டாவது பார்லயே மத்யமம் போய்ட்டு வந்துரும், அதைப் பார்த்து மூணாம் ஆவர்த்தனம் வந்துட்டுன்னு நினைச்சிரக் கூடாது. மெதுவான பாட்டுல ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு கேட்கும், திஸ்ர நடை. அந்தச் சின்ன எண்ணிக்கையை அடியா எடுத்துட்டா கணக்கு மூணு மடங்கு ஓடிரும். கை பெரிய அடிக்கு மட்டும் விழணும்.

வயலின் வண்ணார்பேட்டை
அண்ணாச்சி தாளத்தைச் சொல்லிட்டாங்க, நான் ஸ்வரத்தைச் சொல்றேன். ப்ளூஸ்ல அதிகம் புழங்குற அஞ்சு ஸ்வரம் ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ஆமா, சுத்த தன்யாசிதான். ஆனா அதை ராகமா கேட்கப் போனா ஏமாந்துருவீங்க. அடியில கிட்டாரோ பியானோவோ பிடிக்கிற கார்டுல இருக்கிறது அந்தர காந்தாரம், அதாவது சாதாரண காந்தாரத்துக்கு அடுத்த மேல் காந்தாரம். மேல பாடுறவர் சாதாரண காந்தாரத்துல தொட்டு, அந்தரத்துக்கு முழுசா ஏறாம நடுவுல நிக்கார். ரெண்டும் உரசுற அந்த இடம்தான் ப்ளூஸோட உயிர். புதுசா கேட்கிறவங்க அதை அபஸ்வரம்னு ஒதுக்கிருவாங்க.

கிட்டார்ல தந்தியைப் பக்கவாட்டுல தள்ளி அந்த நடு ஸ்வரத்தைப் பிடிப்பாங்க. பியானோவுல அது முடியாது, அதனால ரெண்டு கட்டையையும் சேர்த்து உரசி அடிப்பாங்க. வித்தியாசம் தெரியணும்னா பி.பி. கிங் 1969ல பதிவு செஞ்ச 'த த்ரில் இஸ் கான்' கேளுங்க. அங்க கார்டுலயே சாதாரண காந்தாரம், ஆகவே உரசல் குறைவு, சோகம் நேராவே வரும். உடனே ரீகல் கச்சேரிக்குத் திரும்பினா காந்தாரம் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும்.

மணிமுத்தாறு
நான் கொஞ்சம் மாறுபடுறேன். கச்சேரிப் பதிவுல கூட்டம், ட்ரம்ஸ், ஊதுவாத்தியம் எல்லாம் சேர்ந்து வருது. ஒத்தைக் கிட்டாரும் ஒத்தைக் குரலும் கேட்கணும்னா மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928ல பாடிட்டு மறைஞ்சுபோன மனுசர், 1963ல தேடிக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பெறவு செஞ்ச பதிவுகள் தெளிவா இருக்கும். கட்டைவிரல் கீழ்த்தந்தியில (கனத்த சத்தம் தர்ற தந்தி) மாறி மாறிப் போற அடியை மட்டும் முதல்ல பிடிங்க, மெட்டு தானா தெரியும்.

அடுத்து பெஸ்ஸி ஸ்மித் 1925ல பாடின 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. பின்னால ஆர்மோனியம், ஒவ்வொரு வரிக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங்கோட கார்னெட் (ஊதுவாத்தியம்) பதில். நடுவுல ஒரு பகுதி 16 பார், தாளம் தப்பிட்டோம்னு நிறுத்திராதீங்க.

ஜான் லீ ஹூக்கர்கிட்ட மட்டும் எண்ணவே எண்ணாதீங்க. 1948ல வந்த 'பூகி சில்லன்' ஒரே கார்டு, கால் தட்டுற சத்தம்தான் தாளம். பார் கணக்கு அவர் பாட்டு வரிக்கு ஏத்தபடி நீளும், குறையும். ஹவ்லின் உல்ஃபோட 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' கூட கார்டு மாறாத பாட்டுதான்.

போன் ஸ்பீக்கர்ல கேட்டா கிட்டாரோட கீழ்த்தந்தி பாதி காணாமப் போயிரும். அது 82 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. இயர்போன் போடுங்க, பேஸ் பூஸ்ட்டை அணைச்சிருங்க. பழைய தட்டுல இரைச்சல் தாங்கலன்னா ட்ரெபிளை லேசா குறைக்கலாம், ரொம்பக் குறைச்சா தந்தி மீட்டுற நகச்சத்தமும் போயிரும். பழைய ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனைக் கடைசிக்கு வைங்க. அவர் பாடின பாரமவுண்ட் கம்பெனியோட தாய்த்தகடுகள் (இசைத்தட்டு அச்சடிக்கிற மூலத் தகடுகள்) மிஞ்சல, தேஞ்ச தட்டுகள்ல இருந்து எடுத்ததுதான் இப்ப கிடைக்குது. பழகின காதுக்கு மட்டும்தான் அந்த இரைச்சலுக்கு உள்ள இருக்கிற முரட்டுத் தாளம் தெரியும், தெரிஞ்சா விடவே மாட்டீங்க.

பேராச்சி படித்துறை
அஞ்சாவது ஆவர்த்தனத்துல பஞ்சமத்துக்குத் தாவுறது இப்ப பிடிபட்டுட்டு. ரொம்ப நன்றி. லிட்டில் வால்ட்டர் 1952ல வாசிச்ச 'ஜூக்' கேட்டதுல மவுத் ஆர்கன் மேல ஆசை வந்துட்டு. எதை வாங்கணும்?

பாளை பழையவர்
10 துளை இருக்கிற சாதா மவுத் ஆர்கன், டயட்டானிக்னு கேளுங்க, சி சுருதி. கடையில 24 துளை ட்ரெமோலோவைக் காட்டுவாங்க, அது வேண்டாம். அதுல ஒரு ஸ்வரத்துக்கு உள்ள இருக்கிற ரெண்டு உலோக நாக்கு ஒண்ணா பேசும், அதை வளைக்க முடியாது. சி மவுத் ஆர்கனை வச்சு ஜி சுருதியில வாசிங்க, ப்ளூஸ்காரங்க முறை அதுதான். 2-ஆம் துளையை உள்ளிழுத்தா ஸட்ஜம். 3-ஐ உள்ளிழுத்தா அந்தர காந்தாரம், அதையே நாக்கைப் பின்னுக்கு வாங்கி வளைச்சா சாதாரண காந்தாரம். 4-ஐ ஊதினா மத்யமம், இழுத்தா பஞ்சமம். 5-ஐ இழுத்தா கைசிகி நிஷாதம்.

ஆரம்பத்துல 2, 3 ரெண்டும் அடைச்ச மாதிரிக் கேட்கும். கருவி பழுதுன்னு திருப்பிக் கொடுக்காதீங்க. வாயால உறிஞ்சினா அப்படித்தான் அடைக்கும். தொண்டையைத் தளர்த்தி, வயித்துல இருந்து சாதாரண மூச்சா மெதுவா இழுங்க, ஸ்வரம் திறந்துரும். வளைக்கிறது அதுக்குப் பெறவு.