அவசர அழைப்பு மென்பொருளில் அழைப்பு வகைக் குறியீடுகளை எப்படி வகுப்பது?

கேள்வி – வெள்ளவத்தை வாசி

வணக்கம். கொழும்பில் தனியார் அம்புலன்ஸ் சேவையொன்றின் கட்டுப்பாட்டறையில் வேலை செய்கிறேன். புதிய மென்பொருளில் அழைப்பு வகைகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அதனோடு வந்த மாதிரிப் பட்டியல், பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் மூன்றையும் ஒரே மையம் கையாளும் நாட்டுக்காகத் தயாரிக்கப்பட்டது. இங்கோ 119, 110, 1990 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கம். வீதி விபத்துக்கு மட்டும் மோட்டார் சைக்கிள், கார், பஸ், பாதசாரி என்று ஏழெட்டுக் குறியீடுகள் இருக்கின்றன. முச்சக்கர வண்டிக்கு ஒன்றும் இல்லை. பரீட்சார்த்தமாகப் பயன்படுத்தியபோது, அழைப்பை எடுப்பவர்கள் தேடிக் களைத்து 'மற்றவை' என்பதையே தெரிவுசெய்துவிடுகிறார்கள். எத்தனை வகைகள் போதும், எந்த அடிப்படையில் பிரிப்பது, முன்னுரிமையை எங்கே இணைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

பதில் – மருதானை

எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். யாரை, எவ்வளவு விரைவாக, என்ன உபகரணத்தோடு அனுப்புவது என்ற முடிவை மென்பொருளுக்குச் சொல்வதற்காகத்தான் அழைப்பு வகை இருக்கிறது. ஆகவே ஐயமுள்ள இரண்டு வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: போகும் வண்டி, குழு, முன்னுரிமை, தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒன்றேயென்றால் அவை ஒரே வகைதான், மிச்ச வேறுபாட்டைக் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். முச்சக்கர வண்டி கவிழ்ந்தாலும் கார் மோதினாலும் உங்கள் முடிவை மாற்றுபவை, உள்ளே யாரும் சிக்கியிருக்கிறார்களா, எத்தனை பேருக்குக் காயம், நினைவோடு இருக்கிறார்களா என்பவையே. சிக்கியிருந்தால் 110க்கும் அறிவிக்க வேண்டும் என்பதால் அதற்குத் தனி வகை அவசியம்.

முன்னுரிமையை வகையின் பெயருக்குள் புதைக்காமல் தனிப் படியாக வையுங்கள். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் மருத்துவர் ஜெஃப் க்ளோசன் உருவாக்கிய முறையில் குறியீடு மூன்று பகுதிகளாக இருக்கும். 9-ஈ-1 என்றால், 9 என்பது இதயமோ சுவாசமோ நின்றுபோன நிலை, நடுவிலுள்ள எழுத்து அவசரத்தின் படி, கடைசி இலக்கம் உட்பிரிவு. எந்தப் படிக்கு எந்த வண்டி என்பதை அந்தந்தச் சேவையே தீர்மானிக்கிறது. அதனால் வண்டிகள் கூடினாலும் குறைந்தாலும் வகைப் பட்டியலில் கைவைக்க வேண்டியதில்லை. அது உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் முறை என்பதால், அமைப்பைப் பார்த்துக் கற்கலாம், பட்டியலைப் பிரதிபண்ணக் கூடாது.

பதில் – கொட்டாஞ்சேனை

நான் அழைப்பை எடுக்கும் பக்கத்தில் இருப்பவள். மேலே ஐயா சொன்னது சரி. ஆனால் வகையின் பெயர், அழைப்பவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மாரடைப்பு' என்று சொல்லி அழைப்பவர்கள் குறைவு. "அப்பாவுக்கு நெஞ்சு இறுக்குதாம்", "அம்மா விழுந்திட்டா, கூப்பிட்டால் கதைக்கிறா இல்லை" என்றுதான் சொல்வார்கள். நோயின் பெயர் வைத்தியசாலையில் தெரியவரும். நமது பட்டியலில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், விழுதல் என்றே இருக்கட்டும்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இதயம் நின்றுபோன முதல் நிமிடங்களில் சிலருக்கு உடல் இழுத்துத் துடிக்கும், சிலர் இடைவெளி விட்டு விட்டுக் குறட்டை போன்ற சத்தத்தோடு மூச்செடுப்பார்கள். வீட்டார் "வலிப்பு வந்திட்டுது" என்றோ "குறட்டை விட்டு நித்திரை கொள்ளுறார்" என்றோ சொல்வார்கள். அதை நம்பி 'வலிப்பு' என்று அழுத்தினால் குறைந்த முன்னுரிமையில் வண்டி போகும், நெஞ்சை அழுத்தும்படி சொல்லிக் கொடுக்கவும் மாட்டோம். ஆகவே எந்த வகையையும் தெரிவுசெய்யுமுன், நினைவு இருக்கிறதா, வழக்கம்போல் மூச்சு விடுகிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பதியப்பட வேண்டும் என்று மென்பொருளிலேயே கட்டாயமாக்குங்கள்.

'மற்றவை' என்பதை நீக்கிவிட்டு 'விபரம் தெரியாது' என்று வையுங்கள். தெருவில் யாரோ கிடக்கிறார் என்று ஓடும் பஸ்ஸிலிருந்து சொல்பவருக்கு அதற்குமேல் தெரியாது. அந்த வகைக்கு மிகக் கீழான முன்னுரிமை கொடுப்பது ஆபத்து. குறியீடு எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, திரையில் தெரியும் பெயர் மட்டும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மாறட்டும்.

பதில் – தெஹிவளை

வெள்ளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதுபோல் மீண்டும் நடந்தால், 'வெள்ளம்' என்று ஒரு வகை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். வீட்டைச் சுற்றி நீர் நிற்கும் பிரசவ அழைப்பு பிரசவமாகவே இருக்க வேண்டும். நீர் சூழ்ந்தது என்பதை அந்த இடத்துக்குரிய எச்சரிக்கைக் குறியாகச் சேர்த்து, அக்குறி இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவிக்கும்படியும் படகு கேட்கும்படியும் நினைவூட்டல் வைக்கலாம். வகையை மாற்றினால் தாய்க்கு வேண்டிய குழு போகாது.

வண்டிகளோடு பேசும் வானொலித் தொடர்பில் குறியீட்டை வாசிக்காமல் சொல்லாகவே சொல்லுங்கள். பத்து என்று தொடங்கும் குறியீடுகளுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, பல அமைப்புகள் சேர்ந்து இயங்கும் நிகழ்வுகளில் சாதாரண மொழியில் பேசுவதை 2006இல் மத்திய அரசின் நிதியுதவிக்கு நிபந்தனையாக்கினார்கள். பட்டியலைத் திருத்தும்போது பழைய குறியீட்டை அழிக்காமல் செயலிழக்கச் செய்யுங்கள். அதே எழுத்துகளை வேறு வகைக்குக் கொடுத்தால் பழைய அறிக்கைகள் எல்லாம் பொய்யாகிவிடும். அழைப்பில் தெரிந்த வகையும், குழு நேரில் கண்ட நிலையும் இரண்டு தனிப் புலங்களில் நிற்கட்டும். அவை இரண்டும் அடிக்கடி முரண்படும் வகைகளைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

மறுமொழி – வெள்ளவத்தை வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீதி விபத்தை இரண்டு வகைகளாகக் குறைத்து, மூச்சுக் கேள்வியை முதலில் வைக்கிறேன். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு முன்கூட்டியே நேரம் குறித்து மாற்றும் பயணங்களும் இதே பட்டியலில்தான் வர வேண்டுமா?

பதில் – மருதானை

வரலாம், ஆனால் தனி வகையாக. குறித்த நேரத்துப் பயணம் அவசர அழைப்போடு கலந்தால் வண்டி சென்றடையும் சராசரி நேரத்துக்கு அர்த்தமே இருக்காது. வழியில் நோயாளியின் நிலை மோசமானால் பழைய பதிவைத் திருத்தாமல் புதிய அழைப்பாகத் திறந்து இரண்டையும் இணைத்துவிடுங்கள்.