உதவி தேவை: 240 செ.மீ. பவளத் தொட்டியின் முன்கண்ணாடி வயிறு தள்ளுகிறது, மூலையில் ஈரம்

கடல்கிறுக்கு:
வணக்கம். வீட்டிலேயே ஒட்டவைத்த பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. நீளம் 240, அகலம் 80, உயரம் 75 செ.மீ. எல்லாப் பக்கமும் 15 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, கறுப்பு சிலிக்கான். மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கண்ணாடிப் பட்டை எதுவும் இல்லை. பார்வைக்குத் திறந்த மேற்புறம்தான் அழகு என்று விட்டோம். சோதனைக்காக நல்ல தண்ணீர் நிரப்பினோம். 60 செ.மீ. வந்ததும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு நடுவில் ஏறக்குறைய 3 மி.மீ. வெளியே தள்ளிவிட்டது. முன்பக்க வலது மூலையின் அடியில் காகிதம் வைத்தால் நனைகிறது. ஒட்டிக்கொடுத்தவர், "உள்ளே இன்னொரு கை சிலிக்கான் பூசினால் போதும்" என்கிறார். பூசலாமா?

உப்புக்காற்று:
முதலில் தண்ணீரை இறக்குங்கள். பேச்செல்லாம் பிறகு.

கண்ணாடிக்காரர்:
உப்புக்காற்று சொன்னதை வழிமொழிகிறேன். பூச வேண்டாம். காய்ந்த சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. பூசிய இடம் தாங்குவதுபோல் தெரியும். தண்ணீர் அதன் பின்னால் வழி தேடிக்கொள்ளும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஈரம் கசிவுதானா, அல்லது கண்ணாடி வியர்க்கிறதா? அந்த மூலையைக் கண்ணாடி வழியே பக்கவாட்டில் பாருங்கள். நன்றாகப் பிடித்த ஒட்டு ஒரே கறுப்பாகத் தெரியும். பிடிக்காத இடம் வெள்ளிக் கோடுபோல் மின்னும்.

கடல்கிறுக்கு:
தண்ணீரை இறக்கிவிட்டேன். வியர்வை இல்லை, துடைத்த பிறகும் அதே ஓரிடத்தில்தான் ஈரம் வந்தது. வெள்ளிக் கோடு இருக்கிறது, ஒரு விரல் நீளம். மேலே நடுப்பகுதியில் குமிழிகளும் தெரிகின்றன.

கண்ணாடிக்காரர்:
அப்படியானால் வயிறும் கசிவும் ஒரே நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணாடி வெளியே வளையும்போது மூலை ஒட்டை இழுக்கிறது. ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத இடம் முதலில் விடுகிறது. கசிவை மட்டும் அடைத்தால் இழுப்பு அப்படியேதான் இருக்கும்.

நீரழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டியின் நீளம் அதைக் கூட்டாது. ஆனால் மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது நீளக் கண்ணாடி நடுவில் தளர்ந்துபோகும். 75 செ.மீ. உயரத்துக்குப் பட்டையில்லாத 15 மி.மீ. எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடியின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயரும். 15-லிருந்து 19 மி.மீ.க்குப் போனாலே இரு மடங்கு. அதோடு மேல்விளிம்பைச் சுற்றிலும் உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டினால் வளைவு பல மடங்கு குறையும். எப்படியும் ஒட்டைப் பிரிக்கப்போகிறீர்கள். முன்னும் பின்னும் 19 மி.மீ. போட்டுப் பட்டையும் வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், தூக்கம் வரும்.

கடல்கிறுக்கு:
டெம்பர் செய்த (சூடாக்கி வலுவேற்றிய) கண்ணாடி வாங்கினால் 15-லேயே முடியாதா?

கண்ணாடிக்காரர்:
வலிமை கூடும், விறைப்பு கூடாது. வயிறு அதே அளவு தள்ளும். அதில் பிறகு துளை போடவும் முடியாது. உடைந்தால் விரிசலோடு நிற்காமல் மொத்தமாகச் சிதறும்.

பிரிக்கும்போது பழைய சிலிக்கானைப் பிளேடால் முழுக்கச் சுரண்டுங்கள். படலம்கூட மிஞ்சக் கூடாது. பிறகு அசிட்டோனால் துடைத்து, விரல் படாமல் ஒட்டுங்கள். பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் வேண்டவே வேண்டாம், பவளத்துக்கு நஞ்சு. கண்ணாடிகளை ஒன்றோடொன்று நெருக்கிச் சிலிக்கானைப் பிதுக்கி எடுத்துவிடாதீர்கள்; இடையில் 2 மி.மீ.யாவது ஒட்டு நிற்க வேண்டும். சிலிக்கான் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கிக் காய்கிறது. அதனால் அகலமான ஒட்டுக்கு மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், குழாயில் எழுதியிருப்பதைவிடக் கூடுதல் நாள் விடுங்கள்.

உப்புக்காற்று:
தாங்கி மேடை மட்டமாக இருக்கிறதா? சற்றுச் சாய்ந்திருந்தால்கூடப் பொறுக்கலாம், முறுக்கியிருந்தால் புது ஒட்டும் போய்விடும். நான்கு மூலையோடு குறுக்காகவும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தக்கை கொடுப்பதானால் மேடைக்கு அடியில்தான், கண்ணாடிக்கு அடியில் கூடாது. எல்லாம் சேர்ந்து இரண்டு டன் தாண்டும் என்பதால் தரையையும் கேட்கிறேன்.

கடல்கிறுக்கு:
தரைத்தளம், மண்மேல் போட்ட கான்கிரீட். பொறியாளர் பார்த்துவிட்டார். மேடை ஒரு மூலையில் மட்டும் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது, இப்போதுதான் அளந்தேன்.

உப்புக்காற்று:
அதுதான் முறுக்கு. முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கண்ணாடி பிறகு.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. சம்ப்பிலிருந்து (கீழே வைக்கும் துணைத் தொட்டி) தண்ணீர் ஏறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? உங்கள் தொட்டியில் 1 செ.மீ. நீர் சுமார் 19 லிட்டர். வாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தால், மின்சாரம் போனதும் கிட்டத்தட்ட 95 லிட்டர் அதே குழாய் வழியே கீழே இறங்கும். அதை வாங்கிக்கொள்ளச் சம்ப்பில் காலி இடம் இல்லையென்றால் தரைக்குத்தான் வரும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை நம்பாதீர்கள், சுண்ணாம்பு படிந்தால் மூடாது.

கடல்கிறுக்கு:
வாய் 8 செ.மீ. கீழே இருக்கிறது. மேலே தூக்கிவைக்கிறேன். 19 மி.மீ. கண்ணாடிக்கும் பட்டைக்கும் அளவு கொடுத்துவிட்டேன். பட்டை எவ்வளவு அகலம்?

கண்ணாடிக்காரர்:
10 செ.மீ. வையுங்கள். பவளத்தை எடுக்கக் கை நுழைய இடம் விட்டு, நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் போடுங்கள். மறுபடி நிரப்பும்போது ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் நிறுத்தி, முன்கண்ணாடிக்குக் குறுக்கே நூல் பிடித்து அளந்து இங்கே போடுங்கள்.