புதுப்பிப்பு: கொழும்பில் என் கதைகளுக்கு வாசகர் கிடைத்தார்

"கையில் பதினொரு சிறுகதைகள் இருக்கின்றன. கொழும்பில் அவற்றைப் படித்துக் குறை சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பலர் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் உள்ள தமிழ்ச் சங்கத்தைச் சொன்னீர்கள். 1942இல் தொடங்கிய சங்கம் அது. வீட்டிலிருந்து ஒரே பஸ், ஆனாலும் இத்தனை ஆண்டுகள் நான் உள்ளே போனதில்லை.

அங்கே நூலகத்தில் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு கதைகளை வாங்கிப்போனார். அடுத்த சனிக்கிழமை பென்சில் கோடுகளோடு திருப்பித் தந்தார். "பிள்ளை, இந்தப் பந்தியை வாய்விட்டுப் படியுங்கள்" என்றார். படித்தேன். மூன்றாவது வரியில் மூச்சு முட்டியது. கதையில் வரும் அம்மா பேசுவது போலவே இல்லை அந்த வரி. அன்றிரவே வெட்டினேன். இப்படிப் படிக்கிற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதை வழங்குவது கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகம். இலங்கை நூல்களின் எண்ணில் 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும்.

பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை 'நூலகம்' என்ற நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகவே படிக்கிறேன். புதிதாக எழுதுபவர்கள் அவசியம் பாருங்கள்.

அச்சகம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஓர் அச்சகத்தார் எழுத்தில் எதுவும் தராமல் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள், மறுத்துவிட்டேன். நியாயமான இடம் தெரிந்தால் சொல்லுங்கள். ஒன்பது கதைகள் தயாராக இருக்கின்றன.