நண்பகலில் நைட்ரேட் ஏன் முழுவதும் மறைவதில்லை?

கேள்வி:
வணக்கம். நெதர்லாந்தில் 213 மீட்டர் உயரக் கபாவ் வானிலை அளவீட்டுக் கோபுரத்தை ஒட்டி 2008 மே மாதத்தில் எடுக்கப்பட்ட அளவீடுகளைக் கொண்டு, காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் வேதியியலைக் கணிக்கும் எளிய பெட்டி மாதிரி (காற்றை ஒரே சீரான பெட்டியாகக் கொள்ளும் கணக்கு) ஒன்றை எழுதியிருக்கிறேன். தரைமட்ட வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொடுத்தால், நண்பகலுக்குள் துகள்களில் உள்ள அமோனியம் நைட்ரேட் ஏறக்குறைய முழுவதும் அமோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் பிரிந்துவிட வேண்டும் என்று அது காட்டுகிறது. அளவீட்டிலோ நைட்ரேட் கணிசமாக எஞ்சியிருக்கிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
எல்லைப்படலம், அதாவது தரையை ஒட்டிக் கலங்கும் காற்றடுக்கு, வளர்வதைக் கணக்கில் எடுத்தீர்களா? காலையில் சில நூறு மீட்டராக இருக்கும் அது பிற்பகலில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கேற்ப எல்லாமே நீர்த்துப்போகும். சல்பேட் எளிதில் ஆவியாகாது என்பதால், அதன் குறைவோடு நைட்ரேட்டின் குறைவை ஒப்பிட்டால் நீர்த்தல் எவ்வளவு, ஆவியாதல் எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அதையும் சேர்த்துப் பார்த்தேன். வாயுக்கள் நீர்த்ததும் துகள் இன்னும் வேகமாக ஆவியாகிறது, இடைவெளி கூடவே செய்கிறது.

மறுமொழி 2:
உங்கள் கணக்கு தரையோடு நின்றுவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெயிலில் நன்கு கலங்கும் எல்லைப்படலத்தில், மேலே போகப் போக வெப்பநிலை கிலோமீட்டருக்குச் சுமார் 10 பாகை குறைகிறது, ஒப்பு ஈரப்பதமோ ஏறுகிறது. உலர்ந்த அமோனியம் நைட்ரேட்டோடு சமநிலையில் இருக்கக்கூடிய இரு வாயுக்களின் செறிவுகளைப் பெருக்கிவரும் மதிப்பு, 25 பாகையிலிருந்து 15 பாகைக்கு இறங்கும்போது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே தரையருகே வாயுவாக இருப்பது மேலே சென்று துகளாகிறது; உலையில் அரிசி புரள்வதைப் போலச் சுழல்கள் அதைத் திரும்பவும் கீழே கொண்டுவருகின்றன.

இந்தச் சுழற்சிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடம் ஆகும். துகள் வெப்பமான காற்றுக்கு வந்தவுடனேயே ஆவியாகிவிடுவதில்லை: மிக நுண்ணியவை நிமிடங்களில் சமநிலை அடையலாம், பெரியவற்றுக்கு மணிக்கணக்காகும், மேற்பரப்பில் கரிமப் பூச்சு இருந்தால் இன்னும் தாமதமாகும். கலக்கும் வேகமும் ஆவியாகும் வேகமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் இந்த இடத்தில்தான், சமநிலை நொடியில் எட்டப்படுகிறது என்ற அனுமானம் பொய்த்து, நண்பகல் நைட்ரேட் குறைவாகக் கணிக்கப்படுகிறது. பெட்டியை அடுக்குகளாகப் பிரித்து, சமநிலைக்கு ஒரு தாமதக் காலத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னதை ஏற்கிறேன். கலக்கம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு தில்லியின் குளிர்கால விடியல் நல்ல எடுத்துக்காட்டு. தரையின் குளிர்காற்றை மேலிருக்கும் வெப்பக்காற்று மூடிபோட்டுவிட, எல்லாம் அங்கேயே தேங்குகிறது. குப்பை எரிப்பு போன்றவற்றிலிருந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் குளோரைடாகி, நீரை ஈர்த்துப் பார்வைத்திறனை மங்கவைக்கிறது என்பதை சென்னை ஐஐடி முன்னின்று நடத்தி 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கும் வெயில் ஏறினால் துகள் வாயுவாகும், ஆனால் மேலிருந்து ஈடுசெய்யும் சுழல் விடியலில் இல்லை.

மாதிரியைத் திருத்துமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் தரவு வடிதாளிலிருந்து வந்ததா, நேரடிக் கருவியிலிருந்து வந்ததா? டெஃப்லான் வடிதாளில் காலையில் படிந்த நைட்ரேட் பிற்பகல் வெயிலில் அங்கேயே ஆவியாகிவிடும். எங்கள் ஆய்வகத்தில், அப்படி ஆவியாகும் நைட்ரிக் அமிலத்தைப் பிடிக்கப் பின்னால் ஒரு நைலான் வடிதாளை வைத்த பிறகுதான், இழந்துகொண்டிருந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.